இயற்கைப் பெருக்கம்

பிப்ரவரி 13, திங்கள்

மனு திரும்பி வந்துவிட்டது. முதல் பக்கத்தின் ஓரத்தில் சிவப்பு மையில் ஏழு குறைகளை எழுதி, பதினான்கு நாளுக்குள் சரிசெய்து மறுபடி தாக்கல் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். பதினான்காம் நாள் 27ஆம் தேதி. என் மகள் தேவகலாவைக் கொழும்புக்கு விமானம் ஏற்றும் நாள் மார்ச் 2. நடுவில் இருப்பது இரண்டே நாள்.

ஆறு குறைகள் வக்கீல் ஜெஸிந்தா அம்மாவே சரிசெய்யக்கூடியவை. பக்க எண், முத்திரை, எங்கோ விட்டுப்போன கையெழுத்து. ஏழாவது குறை என்னுடையது. "மேற்கோள் காட்டப்பட்டுள்ள சர்வதேச ஒப்பந்தங்களுக்கு உரிய விவரங்களும் நகல்களும் இல்லை." அந்தப் பகுதியை எழுதியவன் நான். பதினொரு ஒப்பந்தங்களைச் சொல்லியிருந்தேன். இலவசமாக வழக்காடுகிறவர் என்பதற்காக அவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்ட முடியாது என்று அன்றைக்கே சண்டை போட்டுத்தான் சேர்த்தேன்.

இன்று அவர் கோபப்படவில்லை. மனுவை என் முன்னால் வைத்து நிதானமாகச் சொன்னார். "ஐயா, உலக நாடெல்லாம் ஒத்துக்கிட்டபடின்னு எழுதுனா கோர்ட் ஏத்துக்காது. ஒப்பந்தத்தோட பேரு, யார் யாருக்குள்ள, எங்க எப்ப கையெழுத்தாச்சு, எப்பலேந்து நடப்புல இருக்கு, எந்தத் தொகுப்புல எத்தனாம் பக்கம், அதுல எந்த உறுப்பு. ஆறும் இருக்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் அது வெறும் பேச்சு."

நான் ஐந்தாம் வகுப்பு வரை தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். ஆங்கிலத்தை உறைகளின் மேல்விலாசங்களிலிருந்தும் ஒரு கிழிந்த அகராதியிலிருந்தும் கற்றவன். ஆறு விவரம் எனக்குப் பெரிதில்லை என்றேன்.

தேதி போட்டு எல்லாவற்றையும் எழுதிவைக்கச் சொன்னார். எந்த அலுவலகம், யாரைப் பார்த்தேன், என்ன சொன்னார்கள் என்று. நாளைக்குக் கோர்ட்டில் கேட்டால் உதவுமாம். அதற்காகத்தான் இந்த நோட்டு. கோர்ட்டுக்கு உதவாத எதையும் இதில் எழுதப்போவதில்லை.

பிப்ரவரி 14, செவ்வாய்

முகாம் வாசலில் கையெழுத்துப் போட்டுவிட்டு முதல் பேருந்தில் டவுன் நூலகத்துக்குப் போனேன். மாலை ஆறுக்குள் திரும்ப வேண்டும்.

யார் வழக்கு என்பதை எழுதிவைக்கிறேன். என் பெயர் நல்லுசாமி. அப்பா பெயர் சன்னாசி. அப்பாவின் அப்பாவைப் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து சிலோன் தேயிலைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார்கள். நான் பிறந்தது அங்கே. சிலோன் எங்களைத் தன் மக்கள் இல்லை என்றது. 1964இல் இரண்டு அரசாங்கங்கள் டெல்லியில் உட்கார்ந்து எங்களைப் பங்கு போட்டன. 1977 கலவரத்தில் நாங்கள் குடியிருந்த தோட்டத்து வீட்டு வரிசை, எங்கள் லயம், எரிந்தது. கிளிநொச்சிப் பக்கம் ஓடினோம். 1990இல் படகேறி இங்கே வந்தோம். அப்போதிருந்து இந்த அகதிகள் முகாம். தேவகலா இங்கே பிறந்தாள், 1991இல். இங்கேயே படித்தாள், நர்ஸ் ஆனாள். அவள் இலங்கையைப் பார்த்ததே இல்லை.

போன வருடம் மஸ்கட்டில் ஒரு மருத்துவமனை வேலை கொடுக்கிறது என்றதும் என்னைக் கேட்காமல் ஒரு தரகனிடம் போய் இந்தியப் பாஸ்போர்ட் எடுத்திருக்கிறாள். விமான நிலையத்தில் பிடித்தார்கள். தண்டனையும் அனுபவித்துவிட்டாள். இப்போது திருச்சி சிறப்பு முகாமில் இருக்கிறாள். வெளிநாட்டவர் என்று சொல்லி அனுப்பப்போகிறார்கள்.

நாங்கள் வெளிநாட்டவர் இல்லை என்பதுதான் வழக்கு. இரண்டு அரசாங்கங்கள் கையெழுத்துப் போட்டு எங்களை இந்தியர் என்று எழுதியிருக்கின்றன.

நூலகர் ஓய்வுபெறப் போகிறவர். ஐ.நா. ஒப்பந்தத் தொகுப்பு வேண்டும் என்றதும் மேலும் கீழும் பார்த்தார். போட்டித் தேர்வுப் பிரிவுக்குப் போகச் சொன்னார். நான் நகரவில்லை. கடைசியில் கம்ப்யூட்டரில் அவரே தேடிக் கொடுத்தார்.

பிப்ரவரி 15, புதன்

குழாயில் தண்ணீர் வரவில்லை. லாரி வந்து நிரப்பி முடிக்கும்போது பதினொரு மணி. பேருந்து போய்விட்டது. ஒரு நாள் வீண்.

பிப்ரவரி 16, வியாழன்

அகதிகள் பற்றி 1951இல் ஓர் ஒப்பந்தம், 1967இல் அதன் நெறிமுறை. நாடற்றவர்கள் பற்றி 1954இல் ஒன்று, 1961இல் ஒன்று. நான்கையும் நோட்டில் இறக்கினேன். பெயர், நாள், தொகுதி, பக்கம் எல்லாம் கிடைத்தது. எந்தெந்த நாடு ஏற்றது என்ற பட்டியலைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று வக்கீலம்மா சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. பார்த்தேன். நான்கிலும் இந்தியாவின் பெயர் இல்லை. மூன்று தடவை விரல் வைத்துப் பார்த்தேன். நூலகர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இல்லாததைத் தேடினா எப்படிங்க கிடைக்கும்" என்றார்.

1948 மனித உரிமைப் பிரகடனத்தில் பதினைந்தாம் உறுப்பு எனக்கு மனப்பாடம். எல்லாருக்கும் ஒரு நாட்டுக் குடியுரிமைக்கு உரிமை உண்டு. தொலைபேசியில் படித்துக் காட்டினேன். அது ஒப்பந்தமே இல்லை, பிரகடனம், எதிர்த்தரப்பு ஒரே வரியில் தள்ளிவிடும் என்றார் வக்கீலம்மா.

பதினொன்றில் ஆறு மிச்சம்.

பிப்ரவரி 17, வெள்ளி

1966 குடிமை உரிமை ஒப்பந்தத்தில் இந்தியா 1979இல் சேர்ந்திருக்கிறது. பதின்மூன்றாம் உறுப்பு: வெளிநாட்டவரை வெளியேற்றுவதற்கு முன் அவர் தரப்பைக் கேட்க வேண்டும். இதுதான் என்று எழுந்தே நின்றுவிட்டேன். பிறகு அடிக்குறிப்பைப் படித்தேன். சேரும்போதே இந்தியா ஒரு விலக்கு எழுதி வைத்திருக்கிறது. பதின்மூன்றாம் உறுப்பைப் பொறுத்தவரை வெளிநாட்டவர் பற்றிய தன் சட்டத்தின்படிதான் நடக்குமாம். கையெழுத்துப் போடும்போதே கதவின் ஒரு பலகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்கிறார்கள்.

குழந்தை உரிமை ஒப்பந்தத்தையும் எழுதினேன். தேவகலாவுக்கு முப்பத்தொரு வயது. என் பேனாவாலேயே அடித்தேன்.

சாயங்காலம் சங்கிலி அக்கா வந்தது. எங்கள் தோட்டத்து மனிதர்களில் இந்த முகாமில் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். எண்பதை நெருங்குகிறது, வாய் மட்டும் இருபது. நோட்டைப் பார்த்துவிட்டு, "கோர்ட்டு கோர்ட்டுன்னு அலையிறியே நல்லு, ஒங்கப்பாதான் இந்தியாவுக்கு எழுதிப் போட்டாரே, அதுக்கு ஒரு பதில் வந்திருந்தா இந்தப் புள்ளைக்கு இந்தக் கதி வருமா" என்றது. வரவில்லை என்றேன். "கொழுந்து நிறுக்கயில ஒன்னைக் கண்டுட்டா போதும், கூடையப் போட்டுட்டு ஓடியாருவாரே. தபால்ல ஏதும் இருக்காடான்னு."

வெந்நீர் கொதிக்கிறது என்று சொல்லி உள்ளே போய்விட்டேன். இந்தப் பேச்சு வழக்குக்கு உதவாது.

பிப்ரவரி 18, சனி

செக்கிங் நாள். வருவாய் ஆய்வாளர் மேசை போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு வீட்டு அட்டையையும் பார்ப்பார். எங்கள் வீட்டு அட்டையில் மூன்று பெயர். மனைவி பாக்கியம் பெயருக்கு நேரே 2009இல் போட்ட கோடு. தேவகலா பெயருக்கு நேரே "சி.மு." என்று பென்சிலால். நான் மட்டும் நேரில் ஆஜர். அட்டையில் என் சொந்த ஊர் கிளிநொச்சி என்று இருக்கிறது. 1990இல் படகிலிருந்து இறங்கியதும் மண்டபம் முகாமில் பெயர் எழுதுகிறவர் கேட்டபோது நான் சொன்னதைத்தான் எழுதினார். அவர்மேல் தப்பில்லை.

கரையான் வருகிறது என்று கட்டிலுக்கடியில் இருந்த தகரப்பெட்டியை வெளியே எடுத்து வெயிலில் வைத்தேன். திறக்கவில்லை. அதில் பழைய துணிதான்.

பிப்ரவரி 19, ஞாயிறு

நூலகம் விடுமுறை. எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 20, திங்கள்

1964 ஒப்பந்தத்தின் முழு வாசகமும் கிடைத்தது. மற்றதெல்லாம் போகட்டும், இது போதும். சாஸ்திரி ஒப்பந்தம் என்று தோட்டத்தில் எல்லாரும் சொல்வார்கள். அதன் முறையான பெயர் வேறு. ஆறு விவரங்களோடு எழுதினேன். பெயர்: இலங்கையிலுள்ள இந்திய வம்சாவளியினர் பற்றிய உடன்படிக்கை. தரப்புகள்: இந்தியா, இலங்கை. இடமும் நாளும்: புது டெல்லி, 1964 அக்டோபர் 30, பிரதமர்களுக்கிடையே கடிதப் பரிமாற்றமாக. நடப்பு, தொகுப்பு, பக்கம் எல்லாம் தெளிவாக இருக்கிறது. உறுப்பு மூன்று.

அந்த மூன்றாம் உறுப்பை நான் வாழ்நாளில் இன்றுதான் முழுசாகப் படிக்கிறேன். ஒன்பது லட்சத்து எழுபத்தையாயிரம் பேர். அதில் மூன்று லட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும். ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேரை, "அவர்களது இயற்கைப் பெருக்கத்தோடு" சேர்த்து, இந்தியா ஏற்கும். மிச்ச ஒன்றரை லட்சம் பிறகு பார்த்துக்கொள்ளப்படும். கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கும் ஈரத்துக்கும் கழித்துவிட்டு மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம் என்பார் கணக்கப்பிள்ளை. அதே கை.

தரப்புகள் என்ற இடத்தில் இரண்டு நாடுகளின் பெயர்தான் இருக்கிறது. அப்பாவை யாரும் கேட்கவில்லை. என்னையும் கேட்கவில்லை. நான் அந்த ஒப்பந்தத்தை இளவயதிலேயே ஏற்கவில்லை. பத்தொன்பது வயதில் தொழிற்சங்க இளைஞர் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன், ஆட்டை மாட்டைப் பிரிப்பதுபோல் பிரிக்க விடமாட்டேன் என்று.

ஆனால் "இயற்கைப் பெருக்கம்" என்பது பிறக்கப்போகிறவர்களையும் சேர்த்துத்தான். தேவகலா இயற்கைப் பெருக்கம். மனுவில் அவள் பெயர் வரும் இடமெல்லாம் அப்படியே எழுதிவிட்டேன். சட்டச் சொல்லுக்கு உள்ள பலம் பெயருக்குக் கிடையாது.

பிப்ரவரி 21, செவ்வாய்

மதுரை போய் வக்கீலம்மாவைப் பார்த்தேன். ஒப்பந்தத்தை மேற்கோள் காட்டியிருந்த விதத்தைப் பார்த்து, தன் ஜூனியர்கள்கூட இப்படி எழுதமாட்டார்கள் என்றார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மற்ற பத்தையும் எடுத்துவிடலாம், இது ஒன்று போதும் என்று அவர் சொன்னதற்கும் ஒப்புக்கொண்டேன்.

அதன் பிறகுதான் கேட்டார். அந்த ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேரில் உங்கள் அப்பா ஒருவர் என்பதற்கு என்ன ஆதாரம்?

1969இல் இந்தியாவுக்கு விண்ணப்பம் போட்டார் என்றேன். அதற்கு ஏதாவது தாள் உண்டா என்றார். எல்லாம் 1977இல் எரிந்துவிட்டது, சத்தியப் பிரமாணப் பத்திரத்தில் அப்படித்தானே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்றேன்.

அவர் அந்தப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தார். பிறகு சொன்னார், ஒப்பந்தம் பதினைந்து வருடத்துக்குத்தான், முடிந்துபோனது என்று எதிர்த்தரப்பு சொல்லும். அந்தக் காலத்துக்குள்ளேயே இந்தியா உங்கள் குடும்பத்தை ஏற்றுக்கொண்டது என்று ஒரே ஒரு தாள் காட்டினால் வழக்கு நிற்கும். இல்லாவிட்டால் எவ்வளவு அழகாக மேற்கோள் காட்டினாலும் அது யாருடைய ஒப்பந்தமோதான்.

"விண்ணப்ப ரசீது, கூப்பிட்டு அனுப்புன கடுதாசி, எதுவா இருந்தாலும் சரி ஐயா. யார்கிட்டயாவது இருக்குமான்னு யோசிங்க."

யாரிடமும் இருக்காது என்றேன். தாள் இல்லாதவனுக்கு நியாயம் இல்லை என்றால் கோர்ட்டை இழுத்து மூடுங்கள் என்று சத்தம் போட்டேன். வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார். குடிக்காமல் வந்துவிட்டேன்.

பிப்ரவரி 22, புதன்

பெட்டியை மறுபடி கட்டிலுக்கடியில் தள்ளினேன்.

பிப்ரவரி 23, வியாழன்

தேவகலா பேசினாள். வாரத்துக்கு ஒரு தடவைதான் பேசுவாள். இருமல் மருந்து சாப்பிடுகிறேனா, வலது கண்ணில் சொட்டு மருந்து விடுகிறேனா என்று கேட்டாள். வழக்கு எப்படிப் போகிறது என்று கேட்கவில்லை. நானாகவே மூன்றாம் உறுப்பைப் பற்றிச் சொன்னேன். உம் கொட்டினாள்.

பிறகு கேட்டாள். "அப்பா, கொழும்பு எப்படி இருக்கும்? குளிருமா?"

எனக்குத் தெரியாது. நான் ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன், தொழிற்சங்க ஊர்வலத்துக்கு, லாரியின் பின்னால் நின்றுகொண்டு. வெக்கையாக இருக்கும் என்றேன்.

"ஏர்போர்ட்ல எறக்கி விட்டா, வெளிய வந்து நான் எந்தப் பக்கம் போகணும்? யாரு பேரச் சொல்லணும்?"

அங்கே எங்களுக்கு ஒருவரும் இல்லை. தோட்டத்து லயம் இல்லை. கிளிநொச்சியில் நாங்கள் இருந்த காடும் இல்லை. சரிப்பா, சொட்டு மருந்து மறக்காதீங்க என்று சொல்லி வைத்துவிட்டாள்.

சோறு வடித்தேன். அப்படியே மூடி வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 24, வெள்ளி

கோர்ட்டுக்கு உதவாததை எழுதமாட்டேன் என்று முதல் நாள் எழுதினேன். இது கோர்ட்டுக்கு உதவும். எனக்குத்தான் உதவாது.

காலையில் பெட்டியைத் திறந்தேன். மேலே பாக்கியத்தின் இரண்டு சேலை. அதன் கீழே பாலித்தீன் உறையில் ஒரு பழுப்புக் கவர் இருக்கிறது. பதிவுத் தபால். 1973 ஜூன் மாத முத்திரை. கண்டியிலிருந்த இந்தியத் தூதரக அலுவலகத்திலிருந்து வந்தது. பெறுபவர்: சன்னாசி, பத்தாம் நம்பர் லயம். உங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டது, குறிப்பிட்ட நாளில் குடும்பத்தோடு வந்து பாஸ்போர்ட்டைப் பெற்றுக்கொள்ளவும் என்று எழுதியிருக்கிறது. கீழே மூன்று பெயர். அப்பா, அம்மா, நான்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. தோட்டத்துத் தபால்காரன் நான்தான். நாலு மைல் இறங்கித் தபாலாபீஸில் தோல்பையை வாங்கி, நாலு மைல் ஏறி வருவேன். பதிவுத் தபாலுக்குத் தனியாகக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டேன். வழியில் ஓடைக்குமேல் இருக்கும் சிறுபாலமான மோரியண்டை வந்து கல்லில் உட்கார்ந்து பிரித்தேன். அந்த உறைகளைப் பார்த்துப் பார்த்துத்தானே ஆங்கிலம் படித்தேன், எல்லாம் புரிந்தது. மடித்துச் சட்டைக்குள் வைத்தேன்.

ஒப்பந்தத்தை ஏற்கவில்லை என்பது உண்மை. ஆனால் அன்றைக்கு மோரிக் கல்லில் நான் ஒப்பந்தத்தை நினைக்கவில்லை. பாக்கியத்தை நினைத்தேன். அவள் வீட்டில் சிலோன் குடியுரிமைக்கு எழுதிப் போட்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் இந்தியாவுக்கு. நாங்கள் கப்பல் ஏறினால் அவள் அங்கேயே இருப்பாள். அவ்வளவுதான். இதை இத்தனை வருடம் எனக்கே சொல்லிக்கொள்ளாமல் இருந்தேன்.

ஒரு மாதம் கழித்துக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். குறிப்பிட்ட நாள் போய்விட்டது. நாள் போன பிறகு எப்படிக் கொடுப்பது? அப்பா தினமும் கேட்டார். இல்லை என்றேன். இரண்டாவது கடிதம் வந்ததா என்றும் எனக்குத் தெரியாது, அதற்குள் தபால் வேலையை விட்டுவிட்டேன். பாக்கியத்தைக் கட்டினேன். லயம் எரிந்தபோது என் கைக்கு அகப்பட்டது இந்தப் பெட்டிதான். கிளிநொச்சிக் காட்டில் குடிசை போட்ட பிறகும் அப்பா கேட்டார், அங்கே தபால்காரனே வராத இடத்தில். 1984இல், தலைமன்னார்க் கப்பல் நின்ற வருடம், காய்ச்சலில் போனார். இந்தியா நம்மை மறந்துவிட்டது என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

இந்தியா மறக்கவில்லை.

எரிக்கலாம் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். தாளை எரிக்க எனக்குக் கை வராது. மண்டபத்தில் சொந்த ஊர் கேட்டபோது தோட்டத்தின் பெயரைச் சொல்லியிருந்தால் இந்தியாவுக்கு எழுதிப் போட்டீர்களா என்று அடுத்த கேள்வி வந்திருக்கும். கிளிநொச்சி என்றேன். அந்தப் பக்கத்துத் தமிழர் என்று எழுதிக்கொண்டார்கள்.

பாக்கியத்துக்கும் தெரியாது.

பிப்ரவரி 25, சனி

கவரைப் பார்த்ததும் வக்கீலம்மா எழுந்துவிட்டார். ஜன்னல் பக்கம் கொண்டுபோய் முத்திரையைப் படித்தார். இது போதும் ஐயா, இது போதும் என்று இரண்டு தடவை சொன்னார். பிறகு எங்கே கிடைத்தது என்று கேட்டார். சொன்னேன்.

எல்லாம் எரிந்தது என்று முன்பு கொடுத்த சத்தியப் பிரமாணம் பொய்யாகிவிடும், என்மேல் தனியாக வழக்கு வரலாம் என்று எச்சரித்தார். பெட்டிக்குள் மறந்துகிடந்தது, இப்போதுதான் கண்ணில் பட்டது என்று எழுதினால் யாரும் துருவமாட்டார்கள் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அவர் சொன்னதில் தப்பில்லை, என்னைக் காப்பாற்றப் பார்க்கிறார்.

மாட்டேன் என்றேன். தற்செயலாகக் கிடைத்த தாள் என்றால், உங்கள் குடும்பமே போகாமல் விட்டுவிட்டது, உரிமையைக் கைவிட்டுவிட்டது என்று எதிர்த்தரப்பு சொல்லாதா? அப்பா கைவிடவில்லை. அவரிடம் கொடுக்கவே இல்லை. அதை எழுதினால்தான் வழக்கு நிற்கும். என்னைவிட நன்றாக இதை அவர் அறிவார், வாயால் சொல்லத்தான் முடியவில்லை.

கூடுதல் சத்தியப் பிரமாணத்தை நானே எழுதினேன். அவர் சொல்லிக்கொடுத்த ஆறு விவரங்களின்படி. பெயர்: சன்னாசிக்கு வந்த கடிதத்தை மறைத்தது. தரப்புகள்: நல்லுசாமி மட்டும், சன்னாசியைக் கேட்கவில்லை, பாக்கியத்தையும் கேட்கவில்லை. இடமும் நாளும்: தபாலாபீஸ் சாலையின் மோரிக் கல், 1973 ஜூன், கடிதத்தின் முத்திரைக்கு இரண்டு நாள் கழித்து. நடப்பு: அன்றிலிருந்து இந்தப் பத்திரத்தில் கையெழுத்திடும் நாள் வரை. தொகுப்பு: தகரப்பெட்டி, சேலைகளுக்குக் கீழே. உறுப்பு: இதன் விளைவை அனுபவிப்பவர் இயற்கைப் பெருக்கம் ஆகிய மனுதாரர்.

இப்படியெல்லாம் எழுதுவது வழக்கமில்லை என்றார். ஒரு சொல்லையும் மாற்றமாட்டேன் என்றேன். மாற்றவில்லை.

மனுதாரர் தேவகலா. அவளும் படித்துக் கையெழுத்திட வேண்டும்.

பிப்ரவரி 26, ஞாயிறு

திருச்சி. சோதனை முடிந்து உள்ளே விட இரண்டு மணி நேரம் ஆனது. வக்கீலம்மாவும் வந்திருந்தார். தேவகலா இளைத்திருக்கிறாள். என் கண்ணைக் கீழிமையை இழுத்துப் பார்த்து, சொட்டு மருந்து விடவில்லை என்று கண்டுபிடித்தாள்.

தாள்களைக் கொடுத்தேன். அவள் நர்ஸ், கேஸ் ஷீட் படிக்கிற மாதிரி ஒவ்வொரு வரியாகப் படித்தாள். முடிந்ததும் முதலிலிருந்து மறுபடி படித்தாள். நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் ஓரத்தில் யாரோ ஊசியால் பெயர் கீறி வைத்திருந்தார்கள்.

"பொய்ப் பாஸ்போர்ட் எடுத்ததுக்கு நீங்க என்னோட மூணு மாசம் பேசல" என்றாள். "எனக்கு உண்மையாவே ஒண்ணு இருந்திருக்கு."

நான் மேசை ஓரத்துக் கீறலை விரலால் தடவினேன்.

"தாத்தா கேக்குறப்பல்லாம் என்ன சொல்வீங்க?"

"இல்லைன்னு சொல்வேன்."

"எத்தன வருஷம்?"

பதினொன்று என்றேன்.

வக்கீலம்மா பேனாவை நீட்டினார். தேவகலா வாங்கினாள், கையெழுத்துப் போடவில்லை. அந்தக் கடைசி வரியில் விரலை வைத்தாள். "இது என்ன, இயற்கைப் பெருக்கம்? மனு பூரா இப்படித்தான் இருக்கா?" ஆமாம், ஒப்பந்தத்தின் சொல், அதற்குத்தான் பலம் என்று விளக்கப் பார்த்தேன்.

"ரெண்டு நாடும் எங்கள நம்பராப் போட்டாங்கன்னு வாழ்நாள் பூரா சொன்னீங்களேப்பா. எம் பேரப் போடுங்க."

ஒரு சொல்லையும் மாற்றமாட்டேன் என்று நேற்று சொன்ன நான்தான் பேனாவை வாங்கி ஒவ்வோர் இடமாக அடித்து எழுதினேன். பதினேழு இடம். சன்னாசி பேத்தி, பாக்கியம் மகள், தேவகலா. ஒவ்வொரு அடித்தலுக்குப் பக்கத்திலும் அவளும் நானும் சுருக்கொப்பம் இட்டோம். முடிந்ததும் அவள் கடைசிப் பக்கத்தில் முழுக் கையெழுத்துப் போட்டாள்.

எழுந்து போகும்போது, விமானத்துக்கு முன்னால் இன்னொரு தடவை பார்க்க வர வேண்டாம் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மருந்துச் சீட்டைத் திரும்பக் கொடுக்கிற குரல். கதவு வரை போய்விட்டு, "கண்ணுக்கு விடுங்க" என்றாள்.

பிப்ரவரி 27, திங்கள்

மாலை மூன்று மணிக்கு மறுதாக்கல். குறை பார்க்கும் அலுவலர் ஒப்பந்தப் பகுதியை மேலிருந்து கீழாக விரலால் தடவிக்கொண்டே வந்தார். நிறுத்தவில்லை. பதினேழு அடித்தல்களையும் ஏன் என்று கேட்டார். பெயர் என்றேன். எண் போட்டார். புதன்கிழமை விசாரணை.

பிப்ரவரி 28, செவ்வாய்

ஒன்றுமில்லை. தண்ணீர் வந்தது. பிடித்தேன்.

மார்ச் 1, புதன்

கோர்ட் ஹாலில் எங்கள் எண் வர மதியம் ஆகிவிட்டது. அரசு வக்கீல் ஒப்பந்தம் முடிந்துபோனது என்றார், சொன்னபடியே. ஜெஸிந்தா அம்மா கவரைக் கொடுத்தார். நீதிபதி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் பத்திரத்தைப் படித்தார். நல்லுசாமி என்பவர் யார் என்று கேட்டார். எழுந்து நின்றேன். வேறு எதுவும் கேட்கவில்லை.

உத்தரவு: கடிதத்தைச் சரிபார்த்துப் பதில் தர அரசுக்கு நான்கு வாரம். அதுவரை மனுதாரரை நாட்டைவிட்டு வெளியேற்றக் கூடாது. முன்னுக்குப்பின் முரணாகச் சத்தியப் பிரமாணம் செய்தது பற்றி நல்லுசாமி விளக்கம் தர வேண்டும், அதற்கும் நான்கு வாரம். கடிதம் நீதிமன்றப் பாதுகாப்பில் இருக்கும்.

நான்கு வாரத்துக்குப் பிறகு என்ன என்று வக்கீலம்மாவுக்கும் தெரியாது. தேவகலாவுக்குத் தகவல் சொல்லிவிட்டார். என்ன சொன்னாள் என்று கேட்டேன். சரி என்றாளாம்.

முகாம் வாசலில் கையெழுத்துப் போடும்போது ஐந்து ஐம்பது. சங்கிலி அக்கா குழாயடியில் குடத்தோடு உட்கார்ந்திருந்தது. காலையிலிருந்தே அங்கேதான் இருக்கிறது என்றார்கள். என்னைக் கண்டதும் எழப் பார்த்தது, முடியவில்லை. உட்கார்ந்தபடியே கேட்டது.

"நல்லு, என்னடா ஆச்சு? ஏதும் வந்துச்சா?"

"வந்துச்சுக்கா" என்றேன். "அப்பாவுக்குக் கடுதாசி அப்பவே வந்துச்சு."

அக்கா வெகுநேரம் என் முகத்தைப் பார்த்தது. புரிந்ததும் குழாயைப் பிடித்துத் தானே எழுந்து, குடத்தைத் தூக்கிக்கொண்டு போனது. நான் குழாயை மூடிவிட்டு வந்தேன்.